போன கடிதம் சேர்ந்ததா?

ஒரு சிறு வியாபாரி வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் கொட்டேஷன் அனுப்புகிறார். திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்துவிட்டது. நான்கு நாளாகப் பதில் இல்லை. போன் போட்டுக் கேட்டால், "உங்களிடமிருந்து ஒன்றும் வரலையே, வேற இடத்துல ஆர்டர் கொடுத்துட்டோமே" என்கிறார்கள். கடிதம் ஸ்பாம் பெட்டியில் கிடக்கிறது! திரும்பி வந்திருந்தாலாவது தெரிந்திருக்கும். சத்தமில்லாமல் தொலைவதுதான் கொடுமை.

இதற்குக் கடிதத்தில் எழுதியதுதான் காரணம் என்று நினைப்போம். பல நேரம் காரணம் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகள்.

மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982-ல் வகுக்கப்பட்டது. அன்று வலையில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர், ஒருவரையொருவர் நம்பினார்கள். அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் ஏற்பாடே அதில் இல்லை. இன்லண்ட் லெட்டரில் அனுப்புநர் இடத்தில் யார் பெயரையும் எழுதலாம் அல்லவா, அதே கதைதான்.

டிஎன்எஸ்ஸில் முதலில் எம்எக்ஸ் பதிவு. வரும் கடிதத்தை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்வது இது. இரண்டு சர்வர் இருந்தால் சிறிய எண் உள்ளதற்கே முதல் உரிமை. கடிதம் வருகிறதே என்று பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். வருவதற்கு இது போதும், போவதற்குப் போதாது.

போவதற்கு மூன்று வேண்டும். காசோலையை வைத்து யோசித்தால் எளிது. எஸ்பிஎஃப் என்பது, கையெழுத்துப் போட உரிமை உள்ளவர்கள் இவர்கள்தான் என்று கம்பெனி வங்கிக்குக் கொடுக்கும் பட்டியல். டிகிம் என்பது கையெழுத்து. சரிபார்க்கும் மாதிரிக் கையெழுத்து டிஎன்எஸ்ஸில் இருக்கும். டிமார்க் என்பது வங்கிக்கான உத்தரவு. கடிதத்தில் தெரியும் டொமைனோடு இரண்டில் ஒன்றாவது பொருந்தாவிட்டால் சும்மா விடுவதா, ஸ்பாமில் போடுவதா, திருப்பி அனுப்புவதா என்று அது சொல்லும். யார் யார் இந்தப் பெயரில் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கையும் வரவழைக்கும்.

தவறு நடப்பது பெரும்பாலும் எஸ்பிஎஃப்பில். புதிதாக ஒரு பில்லிங் சேவை வாங்குகிறார்கள். அதற்காக இரண்டாவதாக ஒரு எஸ்பிஎஃப் வரி சேர்க்கிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்! இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகி, இரண்டும் பயனற்றுப் போகும். பழைய வரிக்குள்ளேயே புதியதைச் சேர்க்க வேண்டும். அதிலும் டிஎன்எஸ் தேடல்கள் 10-க்கு மேல் போகக்கூடாது.

டிமார்க்கில் அவசரம் ஆகாது. 2014 ஏப்ரலில் யாஹூ திடீரென்று 'நிராகரி' என்று மாற்றியது. யாஹூ முகவரிக்காரர்கள் மடற்குழுக்களுக்கு எழுதிய கடிதங்கள் பல இடங்களில் திரும்பின. முதலில் சும்மா கவனிக்கும் நிலை, சில வாரம் அறிக்கை, பிறகு இறுக்கம் என்பதே நல்ல வழி.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் முகவரிகளுக்குத் தினம் 5000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இந்த மூன்றும் கட்டாயம். அதற்குக் குறைவாக அனுப்பும் சிறு கடைக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கடையின் முகவரியிலிருந்து ஒரு ஜிமெயில் கணக்குக்குக் கடிதம் அனுப்பி, கணினியில் அதன் மூல வடிவத்தைத் திறந்தால் மூன்றுக்கும் 'பாஸ்' ஆனதா என்று தெரியும். அடுத்த கொட்டேஷன் அனுப்புவதற்கு முன் பார்த்துவிடுவது நல்லது...