கூடு விட்டுக் கூடு பாய்தல்

கூடு விட்டுக் கூடு பாய்தல் என்பது நம் நாட்டுப் பழங்கதைகளிற் பேசப்படும் அரியதொரு சித்தி. விக்கிரமாதித்தன் கதை கேட்ட சிறுவரும் அதனை அறிவர். சேக்கிழார் அருளிய பெரிய புராணம் திருமூல நாயனார் வரலாற்றில் அதனைக் கூறுகின்றது. காவிரிக் கரையோரம் வந்த சிவயோகியார் ஒருவர், சாத்தனூரில் ஆநிரை மேய்த்த மூலன் என்பவன் இறந்து கிடப்பதையும், பசுக்கள் அவனைச் சூழ்ந்து நின்று கதறுவதையும் கண்டார். அவற்றின் துயர் களையக் கருதித் தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடலிற் புகுந்தார். மீண்டு வந்து தேடியபோது முன்னை உடல் அங்கு இல்லை. ஆகவே மூலன் உடலோடே இருந்து திருமந்திரம் அருளினார். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. ஞானம் உள்ளே புகுந்த யோகியாருடையது. திருமூலர் என்னும் பெயரோ அவர் புகுந்த கூட்டினால் வந்தது.

யோகியர் ஆற்றிய இச்செயலைப் போன்றதொன்றை இக்காலத்து இளைஞர் சிலர் சிறு திருப்புளி ஒன்றைக் கைக்கொண்டு மேசைமீது செய்கின்றனர். அவர்கள் கூடு மாற்றுவது மாதிரி இரயில் எஞ்சின்களுக்கு ஆகும்.

மாதிரி எஞ்சின் என்பது வெறும் விளையாட்டுப் பொருளன்று. மெய்யான எஞ்சினை ஒரே அளவு விகிதத்திற் சுருக்கி அமைத்த உருவம் அது. 87 அடி நீளமுள்ள பொருளை ஓரடியாகச் சுருக்குவது ஒரு விகிதம். 160 அடியை ஓரடியாக்குவது மற்றொன்று. இத்தகைய எஞ்சினில் இரண்டு பகுதிகள் உண்டு. கீழ்ப்பகுதி அடிச்சட்டம், தொழிற்கூடத்தார் அதனைச் சேசிஸ் என்பர். மோட்டார், பற்சக்கரங்கள், உருளைகள் ஆகிய அனைத்தும் அதிலேயே அமைந்துள்ளன. தண்டவாளம் இரண்டின் வழியாக வரும் மெல்லிய மின்னோட்டத்தை உருளைகள் ஏற்று மோட்டாருக்கு அளிக்கும். மோட்டாரின் அச்சில் உள்ள திருகுமரை பற்சக்கரத்தைச் சுழற்ற, எஞ்சின் ஓடும். மேற்பகுதி, பிளாஸ்டிக்கால் வார்த்த மேற்கூடு. எஞ்சினின் உருவமும் நிறமும் எண்ணும் பெயரும் அதில் விளங்கும். கூடின்றிச் சட்டம் ஓடும். ஆயினும் அதற்குப் பெயரில்லை. சட்டமின்றிக் கூடு நிற்கும். ஆயினும் அதற்கு நடையில்லை.

இவ்வுண்மையை ஓசூரில் வாழ்வோர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. இங்குள்ள அசோக் லேலண்டு தொழிற்சாலையிலிருந்து மேற்கூடு இல்லாத பேருந்துச் சட்டங்கள் வெளிப்போந்து, கிருஷ்ணகிரி வழியாகத் தெற்கு நோக்கிச் செல்லும் காட்சியைப் பல்லாண்டுகளாகக் கண்டிருக்கிறேன். சுற்றிலும் மறைப்பின்றி, காற்றும் வெயிலும் மேனியில் மோத, தலையிலே துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டுநர் அமர்ந்திருப்பார். கரூர் போன்ற ஊர்களில் அச்சட்டத்துக்குப் பாடி கட்டுவர். நகரப் பேருந்தாவதும் தொலைவழிப் பேருந்தாவதும் அதன் பின்னரே.

எங்கள் தெருவில் இளைஞர் ஒருவர் இருக்கிறார். வீட்டிலே தெலுங்கும், கடைவீதியிலே கன்னடமும், பள்ளியிலே கற்ற தமிழும் அவருக்கு ஒருங்கே கைவந்தவை. தொழிற்கூடம் ஒன்றில் அச்சு செய்யும் பிரிவில் பணிபுரிகிறார். அவரிடம் இரண்டு மாதிரி எஞ்சின்கள் இருந்தன. ஒன்றன் மேற்கூடு அழகியது. ஆனால் பற்சக்கரம் பிளந்துவிட்டது. மற்றொன்றன் இயக்கம் செவ்விது. ஆனால் கூடு விரிசலுற்றது. இரண்டையும் எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோரே பலர். அவர் எறியவில்லை. நல்ல கூட்டை நல்ல சட்டத்தின்மேல் ஏற்ற முனைந்தார். அவர் செய்த முறையை அருகிருந்து கண்டேன்.

முதலில் எஞ்சினை மென்பஞ்சின்மேற் கவிழ்த்து வைத்தார். திருகாணி உள்ளதா, பக்கத்துக் கொளுவிகளே கூட்டைப் பிடித்துள்ளனவா என்று ஆராய்ந்தார். கொளுவிகள் மட்டுமே இருந்தமையால், கூட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளைச் செருகி, அதனைச் சிறிதே அகற்றி மேலே எடுத்தார். கூட்டின் உள்ளே இருக்கும் விளக்குக்குச் செல்லும் மயிரிழை போன்ற கம்பி அறாதபடி பார்த்துக்கொண்டார். பின்பு வெறுஞ்சட்டத்தைத் தண்டவாளத்தில் ஓடவிட்டார். "கூடு போடும் முன்பே ஓட்டிப் பார்க்க வேண்டும், ஐயா. அப்போதுதான் பிறகு வரும் குறை எதனால் என்று தெரியும்" என்றார்.

அடுத்து அளவெடுத்தார். உருளை உருளைக்கு உள்ள தொலைவு, மோட்டாரின் உயரம், கூட்டின் உள்ளகலம், கொக்கியின் உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். வெளித்தோற்றத்தில் ஒத்திருந்த இரு எஞ்சின்களும் உள்ளளவில் வேறுபட்டன. கூட்டை ஏற்றியபோது உருளைகள் அசையவில்லை. உள்ளே எங்கோ ஓரிடம் முட்டிக்கொண்டது. அவர் அழுத்தவில்லை. தொழிற்கூடத்துப் பிட்டர்கள் பயன்படுத்தும் நீலச் சாயத்தைச் சட்டத்தின் மேடுகளில் மெல்லெனத் தடவி, கூட்டை வைத்து எடுத்தார். சாயம் ஒட்டிய இடமே முட்டும் இடம். அவ்விடத்தை மட்டும் சிற்றரத்தால் ஓரிழை தேய்த்தார், மறுபடியும் வைத்துப் பார்த்தார், மறுபடியும் தேய்த்தார். இவ்வாறு ஏழெட்டு முறை செய்த பின்னரே கூடு தானே சென்று அமர்ந்தது. தேய்த்தது கூட்டையே, சட்டத்தில் அரம் படவில்லை. கூடு கெட்டால் வேறொன்று செய்துகொள்ளலாம். சட்டம் கெட்டால் ஓட்டமே கெடும் அன்றோ?

இவ்வளவோடு அவர் நின்றிருந்தால் இதனை நான் எழுதியிரேன். அவர் உள்ளத்தில் வேறோர் எண்ணம் இருந்தது. அதனை அறிவதற்கு இப்பகுதியின் பழைய செய்தியொன்றை அறிதல் வேண்டும். ஒருகாலத்தில் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் குற்றகலப் பாதையில் சிறு இரயில்கள் ஓடின. மழை பொய்க்கும் இவ்வறண்ட நிலத்துக்குப் பஞ்சக்காலத்தில் தானியம் கொணர்தற்பொருட்டு அரசினர் அமைத்த பாதைகள் அவை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இலும் பாதை திறக்கப்பட்டது. பின்னையது 1913-இல் ஓசூர்வரை நீண்டது. தண்டவாளங்களுக்கு இடையே 762 மில்லிமீட்டர், அஃதாவது இரண்டரை அடி அகலமே உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவை மூடப்பட்டன. கிருஷ்ணகிரியில் வாழ்ந்த என் பாட்டனார் அவ்வண்டியிற் சென்றதைப் பெருமையோடு கூறுவார். இன்று அதனைக் கண்ணாற் கண்டு கூறுவோர் மிக அரியர்.

இளைஞர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினார். அவரிடமிருந்த சட்டம் 160-இல் ஒரு பங்கு அளவினது; அது ஓடும் தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். ஐரோப்பிய நாடுகளின் 1435 மில்லிமீட்டர்ப் பெரும்பாதையை அது குறிக்கும். நம் குற்றகலப் பாதையின் 762-ஐ 87-ஆல் வகுத்தால் வருவது எட்டே முக்காலுக்குச் சற்று மேல். ஏறத்தாழ அதே 9. "சட்டம் இதுவே, ஐயா. இதன்மேல் 87-இல் ஒரு பங்கு அளவில் பெரிய கூடு வைத்தால், ஐரோப்பியப் பெரும்பாதை எஞ்சின் நம் கிருஷ்ணகிரிச் சிற்றெஞ்சின் ஆகிவிடும்" என்றார். உருளையும் மோட்டாரும் மாறா. கூடு மாறியவுடன் நாடும் காலமும் மாறிவிடுகின்றன! உலகெங்கும் குற்றகலப் பாதை மாதிரி செய்வோர் இம்முறையையே பெரிதும் கையாளுகின்றனர்.

அவர் முப்பரிமாண அச்சுப்பொறியின் துணையால் சிறு நீராவி எஞ்சின் கூடு ஒன்று செய்தார். அது மிக இலேசாக இருந்தமையால் உருளைகள் பிடிப்பின்றி வழுக்கின. இரண்டு பெட்டிகளை இழுப்பதற்கே தடுமாறின. கொதிகலன் போன்ற பகுதியின் உள்ளே ஈயத்துண்டுகளை ஒட்டினார். அவை மின்முனைகளைத் தொடாவண்ணம் இடையே காகிதம் வைத்தார். பின்பு நான்கு பெட்டிகளை இழுத்துச் சென்றது அவ்வெஞ்சின்.

அதன் பக்கத்தில் பெயர்ப்பலகை வெறுமையாய் இருந்ததைக் கண்டு காரணம் வினவினேன். "அன்று ஓடிய எஞ்சினின் அளவுப்படம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, ஐயா. இது நான் நினைத்துச் செய்த உருவம். இதில் கிருஷ்ணகிரி என்று எழுதினால், பார்க்கிற பிள்ளைகள் இதையே மெய் என்று நம்பிவிடுவார்கள். படம் கிடைக்கும் அன்று இந்தக் கூட்டைக் கழற்றிவிட்டு உண்மையான கூட்டை வைப்பேன்" என்றார். கூட்டினாலே பெயர் வரும் என்பது உண்மை. ஆதலின் கூட்டின்மேற் பெயர் எழுதுவோன் உண்மைக்குக் கடமைப்பட்டவன் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நூலாராய்வோர்க்கும் வேண்டப்படுவது இவ்வொழுக்கமே.

பெரிய எஞ்சின்களிலும் இவ்வித்தை நிகழ்கின்றது. 2018-ஆம் ஆண்டு வாரணாசியில் டீசல் எஞ்சின்கள் மின்சார எஞ்சின்களாக மாற்றப்பட்டன. பழைய உடலில் புதிய உயிர் புகுந்தது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று குஜராத்தில் ஏக்தா நகருக்கும் அகமதாபாத்துக்கும் இடையே தொடங்கப்பட்ட இரயிலின் எஞ்சினோ, நீராவி எஞ்சின் போலத் தோன்றினும் உள்ளே மின்சாரத்தால் இயங்குவது. புதிய உயிருக்குப் பழைய உடல் தோற்றம் தந்தது.

மாணவர்களே! பழுதுற்ற பொருளைக் கண்டவுடன் எறிந்துவிடாதீர்கள். அதில் எது கெட்டது, எது நன்று என்று பிரித்தறியுங்கள். பொருந்தாத இடத்தில் வலிந்து அழுத்தாது, முட்டும் இடம் எதுவென்று அறிந்து அதனை மட்டும் திருத்துங்கள். மெய்யளவு தெரியாத இடத்தில் பெயர்ப்பலகையை வெறுமையாய் விடும் துணிவும் உங்களுக்கு உண்டாகுக. கைத்தொழிலுக்கும் கல்விக்கும் அது பொதுவான அறம்.