வயதுக்கு ஐஸ்லாந்தில் 'அல்துர்'

சொற்பிறப்பு தேடுகிறவர்கள் பலர் நேரே வேருக்குப் போய்விடுகிறார்கள். என் வேலைமுறை வேறு. சொல்லின் கடைசியிலிருந்து தொடங்குவேன். வயதைக் குறிக்கும் ஐஸ்லாந்திய மொழியின் 'அல்துர்' அப்படி அணுக வேண்டிய சொல்.

அந்த மொழியில் 'உர்' என முடியும் ஆண்பால் பெயர்கள் ஏராளம். குதிரைக்கு 'ஹெஸ்துர்'. குதிரையை என்று சொல்ல வந்தால் 'உர்' உதிர்ந்து 'ஹெஸ்த்' ஆகிவிடும். அல்துர் உதிராது, 'வயதை' என்றாலும் அல்துர், 'வயதின்' என்றால் அல்துர்ஸ். ஆகவே இங்கே ரகரம் வேற்றுமை உருபல்ல, சொல்லின் உடம்பு. நான்காம் வேற்றுமையில் அது 'அல்த்ரி' ஆகும்போது உகரமும் காணாமல் போகிறது. பழைய நோர்ஸ் மொழியில் சொல் 'அல்த்ர்' என்றுதான் இருந்தது. உச்சரிப்பு வசதிக்காக உகரம் பின்னால் நுழைந்தது. அதை நீக்கினால் 'அல்' என்ற வேரும் 'த்ர்' என்ற ஒட்டும் தனித்தனியே தெரிகின்றன.

அந்த ஒட்டு நமக்கு அந்நியமில்லை. வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த மந்திரம், பாத்திரம் ஆகியவற்றின் கடைசியில் இருப்பதும் அதே இந்தோ-ஐரோப்பிய ஒட்டுதான். இதை நினைக்கும்போதெல்லாம் இந்தத் தொழில்மேல் எனக்குப் பிரியம் கூடுகிறது.

'அல்' என்றால் ஊட்டு, வளர். லத்தீனின் 'அலெரே' இதே குடும்பம். ஐஸ்லாந்திலோ அந்த வினை 'ஆலா' என்று இன்றும் வழக்கில் இருக்கிறது; பிள்ளை பெறுவதற்கும் வளர்ப்பதற்கும் அதுவே. நூற்றாண்டைச் சொல்லும் 'ஓல்த்' அதன் உறவு. 'ஒருபோதும் இல்லை' என்பதற்கான 'அல்த்ரெய்' இன்னும் நெருக்கம்: அல்த்ரி என்ற அந்த நான்காம் வேற்றுமையோடு பழைய எதிர்மறை ஒட்டு ஒன்று சேர்ந்து உருவானது.

நம் 'ஆயுள்' இந்தக் கிளையில் சேராது. அதன் மூலமான 'ஆயுஸ்' வாழ்நாளைக் குறிக்கும் ஐஸ்லாந்தியச் சொல்லான 'ஐவி'யோடு பிறந்தது. பொருள் ஒத்திருப்பதால் அல்துரோடு அதை இணைத்துவிடக் கூடாது.

ஆஸ்கெய்ர் புளோண்டால் மாக்னுசனின் ஐஸ்லாந்தியச் சொற்பிறப்பு அகராதி 1989இல் வெளிவந்தது. ஆர்வமுள்ளவர்கள் ஒரு சொல்லின் வேற்றுமை வடிவங்களை முதலில் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, பிறகு அதைப் புரட்டுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.