தொண்டூர் மலையடியில் பரங்கி நாற்று

மார்கழிக் கடைசியில் செஞ்சியிலிருந்து தொண்டூருக்கு முதல் பேருந்தில் போனேன். வழியெல்லாம் பனி. வீட்டு வாசல்களில் கோலம், அதன் நடுவே சாணிப் பிள்ளையார் தலையில் பரங்கிப்பூ.

தொண்டூரில் பலரும் பார்க்கப் போவது மலையைத்தான். சமண முனிவர்கள் தங்கிய குகையும் கல்படுக்கைகளும் அங்கே இருக்கின்றன. அருகில் ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்து. பக்கத்து ஊரான அகலூரின் பெயர் அதில் வருகிறது. அந்த ஊர் இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

மலையைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, அடிவாரத்துக் கொட்டகை ஒன்றில் பாலித்தீன் தாள் போர்த்திய தட்டுகளைக் கண்டேன். ஒரு அக்கா தாளை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பரங்கி முளைகள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அதே மார்கழியில் நான் என் நிலத்தில் நேரடியாக ஊன்றிய விதையில் பாதிக்கு மேல் வரவில்லை. விதை விற்றவரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தோண்டிப் பாத்தியா தம்பி?" என்று கேட்டார்.

பார்த்திருந்தேன். விதை ஊறி, கொழகொழத்துக் கிடந்தது.

"அப்போ விதை மேல தப்பு இல்ல. குளிரும் ஈரமும் சேந்து அழுக வெச்சிருக்கு."

பரங்கி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வெயில் பயிர். மண் 25 முதல் 35 டிகிரி சூட்டில் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். 15 டிகிரியில் அநேகமாக முளைக்காது. மேலை நாட்டு விவசாயிகள் வீட்டுக்குள் நாற்று வளர்த்து, உறைபனி நின்ற பிறகே வயலுக்குக் கொண்டுபோகிறார்கள். நமக்கு உறைபனி இல்லை. ஆனாலும் மார்கழி விடியலில் ஈர மண் குளிர்ந்துதான் கிடக்கிறது.

"தை கடைசி வரைக்கும் காத்திருந்தா?" என்று கேட்டேன். அவர் கிணற்றைக் காட்டினார். தாமதித்தால் பூக்கும் நேரம் பங்குனி, சித்திரை வெயிலில் மாட்டிக்கொள்ளும். ஆண் பூ கூடும், பிஞ்சு குறையும். காய் பெருக்கும் நேரத்தில் கிணற்றிலும் தண்ணீர் இறங்கிவிடும். நாற்று வளரும் 12 நாளைக் கொட்டகையில் கழித்தால், அந்த 12 நாள் தண்ணீர் மிச்சம்.

அவர் செய்யும் முறை இதுதான். விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, அடுப்பங்கரையில் வைக்கோலுக்குள் வைக்கிறார். இரண்டு மூன்று நாளில் முளை எட்டிப்பார்க்கும். மக்கிய தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை, விரல் நுனி ஆழத்தில். தட்டுகளை அடுக்கித் தாள் போர்த்துகிறார். முளை மண்ணைத் தள்ளியதும் பிரித்து வெயிலுக்கு மாற்றிவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் நாற்று நெட்டையாகிவிடும். தண்ணீர் காலை பத்து மணிக்கு மேல்தான். சாயங்காலம் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று தண்டு அழுகும்.

நடவுக்கு 12 நாள் நாற்று போதும். தக்காளி, கத்தரி போல 25 நாள் வைத்திருக்கக் கூடாது. பரங்கியின் வேர் தொட்டால் சுணங்கும். குழிக்குள் வேர் சுருண்டுவிட்டால் வயலில் ஓடாது. நடுவதற்கு மூன்று நாள் முன்பு தண்ணீரைக் குறைத்து, நாற்றை முழு வெயிலில் வைத்துப் பழக்க வேண்டும்.

குழி ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். இரண்டு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,000 குழி. குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம். மாலை நாலு மணிக்கு மேல், மண்கட்டி உடையாமல் நட்டு, உடனே தண்ணீர். இரண்டு மூன்று நாளைக்குப் பனையோலை நிழல். வித்திலையைக் கடிக்கும் சிவப்பு வண்டிடமிருந்தும், கொட்டகையில் வலை போட்டால் நாற்று தப்பிக்கிறது.

கிளம்பும்போது, "மிச்ச நாத்து இருக்கு, போக்கிடமா உன் குழியில வெச்சுக்கோ" என்று முப்பது நாற்று கொடுத்தார். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்று மாலையே நட்டேன். இரண்டு பட்டன, மற்றவை கொடி வீசிவிட்டன.

அடுத்த மார்கழிக்கு என் அடுப்பங்கரையிலும் ஈரத்துணி மூட்டை இருக்கும்.