ஒரு வட்டிதானே சார்?

வங்கியில் கடன் பிரிவு மேசைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, மாதத் தவணை எவ்வளவு வரும் என்றுதான். அடுத்து, வட்டி எத்தனை சதவீதம். அந்தச் சதவீதத்தை எந்தத் தொகைக்குப் போடுகிறீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வாங்கியவரின் பணம் அதிகம் கரைவது அந்த இடத்தில்தான்.

நம் ஊரில் வட்டியை மாதக் கணக்கில் பேசித்தான் பழக்கம். ஒரு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். வருடத்துக்கு 12 சதவீதம். அதனால் எங்காவது '12 சதவீதம் ஃப்ளாட்' என்று சொன்னால், "வெளியில மூணு வட்டிக்கு வாங்குறோம், இது ஒரு வட்டிதானே சார்" என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஊரில் ஒரு வட்டிக்கு வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் நாள் வரை அசல் முழுவதும் நம் கையில் இருக்கும். ஃப்ளாட் முறையில் அசலும் மாதாமாதம் கழிந்துகொண்டே போகிறது. வட்டியோ முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கு.

ஒரு லட்சம் ரூபாய், 24 மாதம், 12 சதவீதம் ஃப்ளாட். மாதம் அசலில் 4,167, வட்டி 1,000. கடைசி மாதம் நாம் தர வேண்டிய அசல் அந்த 4,167 மட்டுமே. அதற்கும் 1,000 ரூபாய் வட்டி! மொத்த வட்டி 24,000. இதே 12 சதவீதத்தைக் குறையும் அசலுக்குப் போட்டால் தவணை 4,707, மொத்த வட்டி ஏறக்குறைய 13,000. அந்த ஃப்ளாட் கடனைக் குறையும் அசல் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் 21.5 சதவீதத்துக்கும் மேல் வந்து நிற்கும்.

பிராசஸிங் கட்டணத்தையும் விட்டுவிடக் கூடாது. 2 சதவீதக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிடித்தால் கைக்கு வருவது 97,640தான். வட்டியும் தவணையும் முழு லட்சத்துக்கு. இதையும் சேர்த்தால் குறையும் அசல் முறையில் 12 சதவீதம் என்ற கடனே 14 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

வீட்டில் நகை இருந்தும் பர்சனல் லோன் கேட்பவர்களிடம், முதலில் நகைக் கடனைப் பாருங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஈடு இருப்பதால் வட்டி பெரும்பாலும் குறைவு. அடகு வைத்தது சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் பலருக்கு உண்டு. அந்தக் கூச்சத்துக்காக வருடக்கணக்கில் கூடுதல் வட்டி கட்டுவதைப் பார்க்க மனசு பொறுப்பதில்லை. ஆனால் கெடு தேதியில் அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டும் திட்டமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டத் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும்.

2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கான தவணைக் கடன்களுக்குக் கே.எஃப்.எஸ். என்னும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் பொது. வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்ற வரியில் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான வருட விகிதம் இருக்கும். இரண்டு இடத்தில் கடன் விசாரித்தால் அந்த வரியைத்தான் ஒப்பிட வேண்டும். அறிக்கையைத் தந்த பிறகு யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. "இன்னிக்கே போட்டாத்தான் இந்த வட்டி" என்று யார் அவசரப்படுத்தினாலும் தாளை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். படித்த பிள்ளை யாராவது இருந்தால் கூட உட்காரவைத்துக் கூட்டிப் பாருங்கள்.