கண்டியில் ஏரி, பாலாற்றில் ராஜா

எங்கள் வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஒரு பழைய கிண்டல் சொல்வார்கள். 'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு!'

இதில் சாமி விவகாரம் 1981-ல் தீர்ந்துவிட்டது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்து அமர்ந்துவிட்டார். ராஜா விவகாரமும் முழு உண்மை இல்லை. அதே கோட்டையில் ஒரு ராஜா 16 வருஷம் குடும்பத்தோடு இருந்தார், கைதியாக! இலங்கையின் கடைசி மன்னர், கண்டியை ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவர் இருந்த இடத்துக்கு இன்றைக்கும் கண்டி மகால் என்றுதான் பெயர்.

அதனால், ஆகஸ்ட் மாதம் இலங்கைக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவானதும், மனைவி கடற்கரைக்கு ஓட்டுப் போட்டார். பையன் யானைக்கு. நான் கண்டிக்கு. சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு. வேலூரிலிருந்து மீனம்பாக்கம் வந்து சேரத்தான் அதைவிட அதிக நேரம் ஆகிறது!

வேன் டிரைவர் மலையகத் தமிழர். "சார் எந்த ஊரு?" என்றார். வேலூர் என்றேன். சட்டென்று திரும்பிப் பார்த்தார். "எங்க ராஜாவைக் கொண்டுபோய் அடைச்சு வச்ச ஊருங்களா?"

நம் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம்!

கண்டியில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையை எல்லோரும் பார்க்கிறார்கள். அதன் எதிரே, மலைகளுக்கு நடுவில் தட்டில் ஊற்றிய மாதிரி ஓர் ஏரி. வயலாகக் கிடந்த இடத்தை 1807-ல் ஏரியாக்கியவர் நம் ராஜாதான். மாளிகை முகப்பிலிருக்கும் எண்கோண மண்டபமும் அவர் காலத்தது. இயற்பெயர் கண்ணுசாமி. தென்னிந்திய நாயக்கர் வழி.

மகா நல்லவர் என்று சொல்ல முடியாது. தன்னை எதிர்த்த மந்திரி எஹெலபொலவின் மனைவி, குழந்தைகளை 1814-ல் கொன்றவர். வெறுத்துப்போன பிரதானிகள் வெள்ளைக்காரனோடு சேர்ந்துகொள்ள, 1815 மார்ச் 2-ம் தேதி கண்டி அரண்மனை மண்டபத்திலேயே ராஜ்ஜியம் கைமாறியது. அடுத்த வருஷம் கப்பலில் சென்னை, அங்கிருந்து வேலூர். 1832-ல் இங்கேயே கதை முடிந்தது.

"கொடுமைக்காரருன்னு சொல்வாங்க சார். ஆனா ஏரியைப் பாருங்க" என்றார் டிரைவர். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

அதற்கப்புறம் போன இடமெல்லாம் எனக்குத் தண்ணீரே கண்ணில் பட்டது. சிகிரியாவில், காசியப்பன் என்ற ராஜா ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு பெரும் பாறையின் உச்சியில் அரண்மனை கட்டினான். மூச்சு வாங்க ஏறி இறங்கினோம். எல்லோரும் பாறையைப் போட்டோ எடுக்க, நான் அடிவாரத்துத் தோட்டத்திலேயே நின்றுவிட்டேன். அங்கிருக்கும் கல் ஊற்றுகள் மழைக்காலத்தில் இன்றைக்கும் நீர் பீய்ச்சுமாம். 1,500 வருஷத்துக்கு முந்தைய பிளம்பிங்!

மின்னேரியாவில் பையன் வாயடைத்துப் போனான். மகாசேனன் என்ற மன்னன் மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய குளம். ஆகஸ்ட், செப்டம்பரில் நீர் வற்ற வற்ற, கரையோரம் பசும்புல் முளைக்கிறது. அதைத் தின்ன நாலா பக்கத்துக் காட்டிலிருந்தும் யானைகள் குட்டிகளோடு வருகின்றன. ஐம்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். வற்றிய குளம்கூட அங்கே சோறு போடுகிறது. வற்றிய எங்கள் பாலாறு என்ன போடுகிறது?

இதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். என் அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் கணக்கு எழுதியவர். என் பி.காம். ஃபீஸ் தோல் காசு. எங்கள் ஊர் ஷூ கப்பலேறிப் போய் டாலராகத் திரும்பியது. ஆயிரக்கணக்கான வீட்டில் அடுப்பு எரிந்தது. எங்கள் வீட்டுக் கிணறு மட்டும் உப்பாகிப் போனது. அதற்குக் கணக்குப் புத்தகத்தில் பக்கம் இல்லை. வட்டியைச் செலவு பண்ணலாம். நாம் முதலையே எடுத்து லாபம் என்று எழுதிக்கொண்டிருந்தோம். முதலுக்கே மோசம்!

திருகோணமலை பக்கம் நிலாவெளிக் கடற்கரையில் இதையெல்லாம் மறந்துதான் கிடந்தேன். ஆகஸ்டில் கிழக்குக் கடல் குளம் மாதிரி இருக்கும் (தெற்குக் கரைக்கும் திமிங்கலத்துக்கும் டிசம்பருக்கு மேல் போங்கள்). எதிரே புறாத் தீவு. கண்ணாடித் தண்ணீரில் பவளப்பாறை, குட்டிச் சுறாக்கள். மனைவியின் ஓட்டு வீண்போகவில்லை.

அங்கேதான் டிரைவர் 2021-ம் வருஷக் கதையைச் சொன்னார். கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் எரிந்து மூழ்கியது. நீர்கொழும்புக் கரையில் மணலை மூடி பிளாஸ்டிக் மணிகள். ஆமைகள் செத்து ஒதுங்கின. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில், கப்பல் தரப்பு 100 கோடி டாலர் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது.

கெடுத்தவன்தான் காசு கொடுக்க வேண்டும் என்ற அந்த நியாயத்தை, நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றி வைத்த வழக்குகளில் ஒன்றின் பெயர் தெரியுமா? வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு, 1996. டேனரிக் கழிவுக்கு எதிராக எங்கள் ஊர் ஜனங்கள் போட்டது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் அதைப் படித்துப் பாஸ் செய்கிறார்கள். பாலாறுதான் இன்னும் பாஸாகவில்லை. 2025 ஜனவரியில் மறுபடி அதே உச்ச நீதிமன்றம், அதே பாலாறு, அதே கழிவு.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது, நிஜம்தான். வானம் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை அது. நம் சம்பாத்தியம் இல்லை.

இலங்கைக்குப் போய் வாருங்கள். யானையைப் பாருங்கள், கடலில் கால் நனையுங்கள். கண்டி ஏரியை ஒரு சுற்று நடந்துவிடுங்கள். அப்புறம் ஒருநாள் வேலூருக்கு வாருங்கள். பாலாற்றங்கரையில், தமிழக அரசு 1990-ல் எழுப்பிய முத்து மண்டபம் இருக்கிறது. அந்த ஏரியை உண்டாக்கிய ராஜா அதற்குள்தான் படுத்திருக்கிறார். ஒரு பூ வையுங்கள். வெளியே வந்ததும் ஆற்றைப் பாருங்கள்.

கொடுமைக்காரன் என்று பெயரெடுத்தவன்கூட ஊருக்கு ஓர் ஏரியை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நல்லவர்கள் நாம் எதை வைத்துவிட்டுப் போகப் போகிறோம்?