ஒரு கைப்பிடி போதும்

மதுரை

அன்புள்ள தம்பி,

ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை என்று வந்திருப்பதாக நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. பயப்படாதே. இந்த நிலையில் கவனித்துக்கொண்டால் கல்லீரல் தேறிவிடும். வலி ஒன்றும் இல்லையே என்று அலட்சியமாகவும் விட்டுவிடாதே. இது வெகுகாலம் வலிக்காமலே வளரும்.

கறுப்பு உலர் திராட்சையை ராத்திரி ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் கல்லீரல் சுத்தமாகிவிடும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன். உலர்பழத்தால் நன்மை உண்டு. பிரிட்டனில் யூகே பயோபேங்க் என்று சுமார் 5 லட்சம் பேரின் உடல்நலத் தகவல்களைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மரபணுத் தரவுகளை வைத்து நடந்த ஆய்வுகளில், உலர்பழம் விரும்பிச் சாப்பிடும் இயல்புள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும் அபாயம் குறைவாகத் தெரிகிறது. நார்ச்சத்தும் பாலிபீனால்களும் காரணமாக இருக்கலாம். உலர்பழம் தின்னும் நேரத்தில் அவர்கள் பிஸ்கட்டும் மிக்சரும் தின்னாததும் காரணமாகலாம். ஆனால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் பழத்தைக் கொட்டினால் நார்ச்சத்து அதோடு போய்விடும். பழத்தை மென்று தின்பதே மேல்.

அளவுதான் முக்கியம். ஒரு கிலோ உலர் திராட்சைக்கு நாலு கிலோ புதுத் திராட்சையாவது காய வேண்டும். தண்ணீர் வற்றிப்போய், சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. 100 கிராமில் ஏறத்தாழ 60 கிராம் சர்க்கரை, 300 கலோரி. அந்தச் சர்க்கரையில் பாதி பிரக்டோஸ். அது அளவு மீறினால் கொழுப்பாக மாறும் இடமே கல்லீரல்தான். அதனால் ஒரு நாளைக்கு 30 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி, அதற்கு மேல் வேண்டாம். சாயங்கால டீக்கு பிஸ்கட்டை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடு. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததால் உனக்கும் ரத்தத்தில் பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பி.

சர்க்கரைப் பாகில் ஊறிய செர்ரியும் தேன் நெல்லியும் இந்தக் கணக்கில் சேராது. உலர் அத்திப்பழத்தைப் பிளந்து பார்த்துத் தின்னு. பூஞ்சை தெரிந்தால் தூக்கி எறி. சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலில் புற்றுநோயையே கொண்டுவரக்கூடியது.

எல்லாவற்றுக்கும் மேலான மருந்து எடையைக் குறைப்பது. 7 முதல் 10 சதவீதம் இறங்கினால் கல்லீரலில் கொழுப்பும் அழற்சியும் நன்றாகக் குறையும். 80 கிலோ இருக்கும் உனக்கு அது 6 முதல் 8 கிலோ. அவசரமாகப் பட்டினி கிடக்காமல் மெதுவாக இறக்கு. தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நட. குளிர்பானத்தை நிறுத்து. குடியை அடியோடு விட்டுவிடு. இதை அக்காவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

டாக்டர் சொன்ன தேதியில் தவறாமல் மறுபரிசோதனைக்குப் போ. ரிப்போர்ட் வந்ததும் எனக்குச் சொல்.

அன்புடன்,
அக்கா