ஊசிக்கு வந்த பில்



கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

என் தங்கையின் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். போன குளிர்காலத்தில் அவளுடைய மூன்று மாதக் குழந்தைக்கு ஆர்எஸ்வி வைரஸுக்கு எதிரான ஊசி போட்டார்கள். சில வாரங்களில் பில் வந்தது. காப்புறுதிக் கம்பனி பணம் தர மறுத்துவிட்டது, முழுத் தொகையையும் நீங்களே கட்டுங்கள் என்று. "மாமா, இனி ஒரு ஊசியும் வேணாம் எண்டு இவர் சொல்றார்" என்று போனில் அழுதாள்.

பில்லை விட அந்தச் சொல்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆர்எஸ்வி ஆரோக்கியமான பெரியவர்கள் பலருக்கு வெறும் தடிமன். கைக்குழந்தைக்கு அது நெஞ்சில் இறங்கி மூச்சை முட்ட வைக்கும். அமெரிக்காவில் கைக்குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதற்கு முதல் காரணமே இந்த வைரஸ்தான்.

அதற்காக 2023 ஜூலையில் அங்கே அனுமதி பெற்ற மருந்து நிர்செவிமாப். இது தடுப்பூசி போல இருந்தாலும் தடுப்பூசி அல்ல. வகுப்பறைக் கணக்கில் சொன்னால், தடுப்பூசி பிள்ளைக்குக் கணக்குச் செய்யப் பழக்குகிறது. இது விடையையே கையில் கொடுக்கிறது. நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரியை நேராக உடம்புக்குள் செலுத்துகிறார்கள். ஒரு குளிர்காலத்தைத் தாண்ட அது போதும்.

பில்லில் வந்த சிக்கலும் இந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

அங்கே ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. குழந்தை 5 கிலோவுக்குக் குறைவென்றால் 50 மில்லிகிராம், எண் 90380. அதற்கு மேலென்றால் 100 மில்லிகிராம், எண் 90381. ஊசி போட்ட கூலிக்கு 96380 அல்லது 96381. எதற்காகப் போட்டது என்பதற்கு இசட்29.11. மருந்தின் எண்ணைச் சரியாக எழுதிய கிளினிக், கூலிக்குச் சாதாரணத் தடுப்பூசியின் எண்ணை எழுதியிருந்தது. காரணத்துக்கான எண்ணை எழுதவே இல்லை. கம்பனியின் கணினி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டது.

இந்த மருந்து வந்தபோது ஒரு ஊசியின் விலை 495 டாலர். இளம் குடும்பமொன்று அதைப் பார்த்துக் கலங்காமல் இருக்குமா? ஆனால் 2023 ஆகஸ்டிலேயே அந்நாட்டின் தடுப்பூசி ஆலோசனைக் குழு இதைப் பரிந்துரைத்துவிட்டது. அதனால் பெரும்பாலான தனியார் காப்புறுதிகள், தங்கள் பட்டியலிலுள்ள கிளினிக்கில் போட்டால், பெற்றோரிடம் ஒரு சதமும் கேட்காமல் கட்ட வேண்டும். காப்புறுதி இல்லாத பிள்ளைகளுக்கு அரசின் இலவசத் திட்டத்தில் இந்த மருந்து கிடைக்கிறது.

மருமகளிடம் சொன்னேன்: "மகள், பணத்தைக் கட்டாதீங்க. வரிக்கு வரி விபரம் போட்ட பில்லைக் கேளுங்க. எண்ணைச் சரிபார்க்கச் சொல்லுங்க." கேட்டாள். கிளினிக் திருத்தி மறுபடி அனுப்பியது. கம்பனி கட்டியது. அவள் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை என்று கடிதமும் வந்தது.

உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்:

1. காப்புறுதிக் கம்பனி அனுப்பும் விளக்கக் கடிதம் பில் அல்ல. "இது பில் அல்ல" என்று அதிலேயே எழுதியிருக்கும்.

2. மறுத்தால், ஏன் மறுத்தார்கள் என்று முதலில் கிளினிக்கிடம் கேளுங்கள். பல நேரம் எண் பிழைதான்.

3. அப்படியும் மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு.

4. விலையுயர்ந்த ஊசியென்றால் போடுவதற்கு முன்பே கம்பனிக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.

எங்கட நாட்டில் 1978 முதல் அரசின் தடுப்பூசித் திட்டம் நடக்கிறது. கிளினிக்குக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறோம், மிட்வைஃப் மிஸ் கார்டில் எழுதித் தருகிறார், பில்லே இல்லாமல் வீடு வருகிறோம். அதனால் பில்லைக் கண்டு ஊசிக்குப் பயப்படும் பெற்றோரை எங்களுக்கு விளங்குவது கஷ்டம்.

தூரத்திலிருக்கும் பிள்ளை பில்லைச் சொல்லி அழுதால், "அப்போ ஊசி வேணாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பில்லைப் பிறகும் திருத்தலாம். மூச்சுத் திணறும் குழந்தைக்கு அந்த அவகாசம் கிடையாது.